காரணம் சொல்லாத வழங்கிகள்

“பதிவேற்றம் தோல்வியடைந்தது. மீண்டும் முயல்க.” தமிழ் இணையத்தளங்களுக்குக் கோப்பு அனுப்பியவர்களில் இவ்வரிகளைக் காணாதவர் அரிது. எதனால் தோல்வி என்று சொல்லாமல் மீண்டும் முயலச் சொல்வது உதவியன்று, கைகழுவல்.

வழங்கிக்குக் காரணம் தெரியாமலில்லை. ஏராளமான தளங்களை இயக்கும் பிஎச்பி மொழி, கோப்பு ஏறாதபோது ஓர் இலக்கத்தைத் தருகிறது. 1 என்றால் கோப்பு வழங்கியின் வரம்பை மீறிவிட்டது. 3 என்றால் பாதிதான் வந்துசேர்ந்தது. 4 என்றால் கோப்பே தெரிவுசெய்யப்படவில்லை. 6 என்றால் தற்காலிகக் கோப்புறை இல்லை. 7 என்றால் வட்டில் எழுத முடியவில்லை. கடைசி இரண்டும் தளத்தை நடத்துவோரின் பொறுப்பு. ஆயினும் அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் மூடிப் பயனரின் தலையில் சுமத்துகிறார்கள்.

வரம்பின் கதையும் அதுவே. அமைப்பை மாற்றாது விட்டால், பிஎச்பி ஏற்பது கோப்பொன்றுக்கு 2 மெகாபைற்று, படிவம் முழுவதற்கும் 8 மெகாபைற்று. நாளிதழின் ஒரு பக்கத்தைத் தெளிவாக வருடினாலே முதல் எல்லை தாண்டிவிடும். இரண்டாவதைத் தாண்டினால், கோப்பு மட்டுமன்றி நாம் தட்டச்சிட்ட தலைப்பும் ஆண்டும்கூட நிரலின் கைக்கு வராது; பிழை இலக்கமும் கிடைக்காது. வந்த தரவின் நீளத்தை வரம்போடு ஒப்பிட்டு உண்மையைச் சொல்லச் சில வரி நிரல் போதும். அதனை எழுதுவார்தான் இல்லை.

இதனினும் கொடியது தமிழ்ப் பெயர்களுக்கு நேர்வது. ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர்ந்த யாவற்றையும் கோப்பின் பெயரிலிருந்து நீக்கும் நிரல்கள் உண்டு. ‘ஈழநாடு’ என்று பெயரிட்டு ஏற்றிய கோப்பு அங்கே பெயரற்றதாகிறது. அடுத்து ஏற்றும் ‘சுதந்திரன்’ கோப்பும் அவ்வாறே. இரண்டாவது முதலாவதை அழித்து அதன் இடத்தில் அமர்கிறது. திரையிலோ ‘வெற்றி’!

பாதுகாப்புக்காகவே பெயரைத் துப்புரவு செய்கிறோம் என்பார்கள். ஆபத்து உண்மைதான். ஆனால், வழங்கி தானே ஓர் இலக்கமிட்டுக் கோப்பைச் சேமித்து, தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளத் தடை என்ன?

இது வெறும் கணினிச் சச்சரவு அன்று. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழநாடு பணிமனையும் அந்நாள்களில் எரியூட்டப்பட்டது. தப்பிய பிரதிகள் பல வீட்டு அலுமாரிகளில் கறையானுக்குக் காத்திருக்கின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் எஞ்சியவற்றை எண்ணிம வடிவில் சேர்க்கின்றன. இத்தகைய பணிக்குப் பக்கங்களை வருடி அனுப்ப முன்வரும் முதியவர் மூன்று முறை தோற்றால், “எனக்குக் கணினி வராது” என்று அலுமாரியைப் பூட்டிவிடுவார். அக்கதவை மறுபடி திறப்பவர் யார்?

பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற முதற்பாடம், ஒரு பக்கம் அச்சேறாவிட்டால் ஏனென்று சொல்லியாகவேண்டும் என்பது. நிரல் எழுதும் தம்பி தங்கையரிடமும் அதனையே கேட்கிறேன். வரம்பைப் படிவத்திலேயே எழுதுங்கள். தவறியதைத் தமிழில், காரணத்தோடு சொல்லுங்கள். ஒரு கோப்பின்மேல் இன்னொன்றை எழுத ஒருபோதும் விடாதீர்கள்.