பிரேக் பிடிக்கலைன்னு சொல்லாதீங்க சாமி

தொப்பூர் கணவாயில எது நடந்தாலும் டீக்கடைத் தீர்ப்பு ஒண்ணுதான்: "பிரேக் பிடிக்கலையாம்". 2020 டிசம்பர்ல நாலு உசுரு, 2024 ஜனவரியில நாலு உசுரு. லாரிக்காரங்க ஏர் பிரேக்கும் ஓவர்லோடும் தனிக்கதை, இப்போதைக்கு விடுங்க. நான் சண்டைக்கு வந்தது நம்மாளுங்க கூட. பழைய அம்பாசடரைப் பளபளன்னு துடைச்சு, 'கிளாசிக்'னு பீத்திக்கிட்டு தருமபுரியில இருந்து சேலத்துக்கு இறங்குற கோஷ்டி.

இவங்க சொல்ற முதல் பொய்: "பழைய வண்டி சார், திடீர்னு போயிடுச்சு". எங்க திடீர்? வாரக்கணக்கா கத்தியிருக்கும்! பெடலை ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குதா? ஷூ தேய்ஞ்சு இடைவெளி கூடிப்போச்சு. பஞ்சு மாதிரி அமுங்குதா? உள்ளே காத்து. மிதிச்சு வச்சிருக்கும்போதே மெதுவா இறங்குது, ஆனா ஆயில் குறையலையா? மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உள்ளுக்குள்ளேயே விடுது. ஒரு பக்கமா இழுக்குதா? லைனிங்ல எண்ணெய், இல்லன்னா ஒரு வீல் சிலிண்டர் இறுகிப்போச்சு. ஆயில் குறைஞ்சா மேல ஊத்திட்டுப் போறது இருக்கே, அதுதான் மகா பாவம். பழைய மாடல்ல நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு இடத்துல ஒழுகினா நாலும் காலி.

அடுத்தது, "மெக்கானிக் பார்த்தாரு, ஒண்ணுமே இல்லைன்னுட்டாரு". எப்படித் தெரியும்? வண்டி ஆறிப்போச்சே! ஆட்களோட 1,400 கிலோ தேறும் வண்டி, 100 மீட்டர் உயரம் இறங்கினா வர்ற சூடு, நாலரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் பங்கு வாங்கலைன்னா பெரும்பகுதி டிரம்முக்குத்தான். பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னா லைனிங் சூடேறி வழுக்குது. பெடல் தரை வரைக்கும் போனா ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. டாட் 3 ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி வரைக்காவது தாங்கணும். ஈரம் குடிச்ச பிறகு 140-க்கே கொதிக்கலாம். ஆறினதும் ரெண்டும் சமர்த்தா வேலை செய்யும், மெக்கானிக்கும் கையை விரிப்பார்.

இப்போ நியூட்ரல் மகான்கள். "நம்ம வண்டிக்கு சர்வோவே கிடையாது, எஞ்சினை அணைச்சாக்கூட பிரேக் அப்படியேதான் இருக்கும்"னு ஒரு வியாக்கியானம். சர்வோ இல்லாத மாடல்ல பெடலைப் பொறுத்தவரை சரிதான்ணே. ஆனா வண்டியை இழுத்துப் பிடிக்கிற எஞ்சினைக் கழட்டி விட்டுட்டு, மொத்தச் சூட்டையும் நாலு டிரம் தலையில கட்டுறீங்களே, அதுக்கு என்ன வியாக்கியானம்? மிச்சம் பிடிக்கிற பெட்ரோல் ஒரு டீக்குத் தேறுமா? பாளையம் டோல்கேட் தாண்டினதும், இறக்கம் வர்றதுக்கு முன்னாடியே மூணாவது கியர். பத்தலைன்னா ரெண்டு. பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுக்கட்டும்.

டிஸ்க் மாத்திடுங்கன்னு ஒரு கூட்டம் வரும். மாத்துங்க, வேணாங்கலை. ஆனா பழைய ஆயிலும் ஓட்டை வாஷரும் அங்கேயும் அதே வேலையைத்தான் காட்டும்.

அப்புறம் இந்த 'ஒரிஜினல் பார்ட்ஸ்' பைத்தியம்! அம்பாசடர் உற்பத்தி நின்னது 2014-ல. கடைக்காரர் சீல் பிரிக்காம எடுத்துத் தர்ற ஒரிஜினல் ரப்பர் கிட்டுக்கு என்ன வயசுன்னு யோசிங்க. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பிரிச்சு, வாஷரை விரல்ல மடிச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா அங்கேயே திருப்பிக் கொடுத்துடுங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை :-)