குதிக்கால் வலிக்கு நரம்பை எரிக்கும் சிகிச்சை: எமது நிலைப்பாடு

குதிக்கால் நரம்பை எரிக்கும் சிகிச்சைக்கு எமது சங்கத்தின் நலன்புரி நிதியிலிருந்து பணம் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். செயற்குழு மூன்று முறை கூடிய பிறகு பெரும்பான்மையோர் ஏற்ற வாசகம் இது: பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்காமல் செய்யப்படும் எந்த நரம்புச் சிகிச்சைக்கும் தற்போதைய நிலையில் நிதி வழங்கப்படமாட்டாது.

இச்சிகிச்சையை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. குதிக்கால் வலி பெரும்பாலும் உள்ளங்காலில் நீளும் தடித்த தசைநாரில் இருந்து வருவது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே அது குத்தும். காலை நீட்டி மடக்கும் பயிற்சியாலும் மெத்தென்ற செருப்பாலும் அநேகருக்கு ஒரு வருடத்துக்குள் குறைந்துவிடும். சிலருக்கு மட்டும் பக்ஸ்டர் நரம்பு எனப்படும் சிறு கிளை நசிபட்டு எரிவு எடுக்கும். மற்ற வழிகள் பலிக்காத அத்தகையோருக்கு, நரம்பை முதலில் மருந்தால் மரக்கவைத்து, வலி நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஊசிமுனையின் வெப்பத்தால் அதைச் சுடுவது பயன்படக்கூடும். இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நரம்பு மீண்டும் வளர்ந்து வலி திரும்பவும் கூடும். நோயாளியிடம் பணம் வாங்குமுன் வைத்தியர் இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் இது மட்டக்களப்பு. வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்த அந்தத் தீவைப் பார்த்தபடி வாழ்ந்த ஊரில், உணர்ச்சியற்ற கால் என்னவாகும் என்று ஒரு வைத்தியருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கிறதா? கிருமி சதையைத் தின்பதால் பாதம் அழிவதில்லை. முள்ளும் சூடும் தெரியாமல் புண்ணோடு நடந்தே அது தேய்கிறது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய போல் பிராண்ட் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே காட்டிவிட்டார். காலில் தொழுநோய் அதிகம் தாக்குவது உள்கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் நரம்பை. குதிக்காலுக்கு வரும் கிளைகளும் அதே நரம்பில் இருந்துதான் பிரிகின்றன. கிருமியால் வீங்கிய நரம்பின் வலியைச் சாதாரணக் குதிக்கால் வலி என்று எண்ணிச் சுட்டுவிட்டால், நோய் தெரியாமல் மறைந்தே இருக்கும், அதை அறிவித்த வலியும் போய்விடும். 1995இல் தேசிய அளவில் தொழுநோயை ஒழிக்கும் இலக்கை இலங்கை எட்டியது உண்மை. அதற்குப் பிறகும் இம்மாவட்டத்தில் புதிய நோயாளர்கள் கண்டறியப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

வாவியின் ஒரு கரையான படுவான்கரையில் வயலுக்கும் மறுகரையான எழுவான்கரையில் தோணிக்கும் வெறுங்காலோடு போகிறவர்கள் நாங்கள். சிப்பி ஓடும் கெளுத்தி முள்ளும் குத்தினால் தெரிய வேண்டும். சோதனைக்குத் தேவைப்படுவது 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழை. மீன்பிடிக்கும் தங்கூசி இழை தெரிந்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் சில இடங்களில் தொட்டுக் கேட்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களையும் கொடுக்காமல் ஊசியை எடுப்பது அலட்சியம்.

சீனி வருத்தமும் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கக்கூடும் என்பதால் அது உள்ளவர்களுக்கும் இதே நிபந்தனை பொருந்தும். நரம்பைச் சுடுவதற்குப் பதிலாக ஸ்டீரொயிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதால் குதிக்காலின் கொழுப்புத் திண்டு மெலியலாம், தசைநார் அறுபடலாம் என்பதையும் குறித்துக்கொள்கிறோம். நரம்பைச் சுடும் சிகிச்சையின் கட்டணம் பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

இனி விண்ணப்பத்தோடு உணர்ச்சிச் சோதனை, இரத்தச் சீனி, தோல் பரிசோதனை ஆகியவற்றின் எழுத்துக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். ஏற்கெனவே கிடைத்த விண்ணப்பங்களுக்கும் இது பொருந்தும். காலில் விறைப்போ உடம்பில் உணர்ச்சியற்ற தேமலோ இருப்பவர்கள் நிதிக்குக் காத்திராமல் அரச வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போகவும். தொழுநோய்க்கான மருந்து அங்கே இலவசம்.