33ஆவது செக்கனில் நின்ற சிமிட்டல்



பொங்கல் பட்டத்துக்கு லைட் பூட்டுற பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் இந்தப் பதிவு. உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் என் மாணவன் ஒருவன் ஆர்டுயினோ ஊனோ ஒன்று வாங்கி, செக்கனுக்கு ஒருக்கா எல்ஈடி மாறி மாறி எரிய கோட் எழுதினான். அரை நிமிசம் ஒழுங்காகச் சிமிட்டியது. பிறகு மங்கலாக எரிந்தபடியே நின்றுவிட்டது. றீசெட் அமத்தினால் திரும்ப அரை நிமிசம் சரி.

"சேர், போட் பழுது. அப்பா வேற வாங்கித் தாறன் எண்டவர்."

அவனுடைய அப்பா கடற்றொழிலாளி. நானும் யோசிக்காமல் "ஓம், மலிவு போட்தானே" என்று சொல்லிவிட்டேன். அதுதான் என் பிழை. பழுதான பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்திலா மக்கர் பண்ணும்? அடுத்த நாள் போனில் நேரம் பிடித்துப் பார்த்தோம். 33 செக்கன். எத்தனை முறை பார்த்தாலும் 33.

கடைசியாக லைட் மாறிய நேரத்தைச் சீரியல் மொனிட்டரில் அச்சிடச் சொன்னேன். 31000, 32000, அடுத்தது -32536! அவன் அந்த நேரத்தை 'இன்ட்' மாறியில் வைத்திருந்தான். ஊனோவில் அது 16 பிட். 32,767க்கு மேல் கொள்ளாது. 33,000 மில்லிசெக்கனைப் போட்டதும் மறை எண்ணாகிவிட்டது. அதற்குப் பிறகு கழித்துப் பார்க்கும்போதெல்லாம் 'லைட் மாறி 65 செக்கனுக்கு மேல் ஆச்சு' என்றே விடை வரும். அதனால் ஓயாமல் மாறுகிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. 'அன்சைன்ட் லோங்' என்று மாற்றினோம், சரி.

பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது. அவன் பாடத்தில் படிப்பது பைதன். அதில் முழு எண் எவ்வளவு பெருத்தாலும் இடம் தானாக விரியும். பெரியவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள்: 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ரொக்கெட் ஏறத்தாழ 40 செக்கனில் சிதறியதும் 16 பிட்டுக்குள் கொள்ளாத ஓர் எண்ணால்தான்.

என் கருத்து இதுதான். கோட் பிழைத்தால் திருத்திய கோட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள், ஆசிரியர்களும்தான். மாறிக்குள் என்ன இருக்கிறதென்று அச்சிட்டுப் பார்க்க விடுங்கள். புது போட் வாங்குவது அதற்குப் பிறகு.

லைட் நேற்றிரவு முழுக்க மேசையில் சிமிட்டியது. இப்ப பிரச்சினை பாரம். ஊனோவோடு பட்டம் எழும்புமா, நானோவுக்கு மாற வேணுமா? பட்டம் கட்டுற அண்ணன்மார் சொல்லுங்கோ.