இரண்டு நாள் திறந்த கதவு

கனடா நாட்டு மக்கள் உயிரெனப் போற்றும் விளையாட்டு ஒன்று உண்டு. புல்தரையில் ஆடும் ஹாக்கி அல்ல அது. உறைந்து பாறையாகிவிட்ட பனிக்கட்டியின்மீது, எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து, காற்றாய்ச் சறுக்கிப் பாய்ந்து, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கி! அங்கே தரை வெள்ளை. நெடுங்காலம் அதன் உச்ச அரங்கில் ஆடியவர்களும் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். தரை வெள்ளையாக இருந்தது இயற்கையின் செயல். ஆடியவர்களில் ஒரு கறுப்பர்கூட இல்லாமற் போனது யாருடைய செயல்?

இக்கேள்விக்கு விடை வேண்டுவோர், வில்லி ஓரீ என்ற இளைஞனின் தொடக்க நாட்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.

1935 அக்டோபர் 15-இல், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பிரெடரிக்டன் நகரில் பிறந்தவன் அவன். பதின்மூன்று குழந்தைகளில் கடைக்குட்டி. அடிமைத் தளையை அறுத்தெறிந்து அமெரிக்காவிலிருந்து தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல். மூன்று வயதில் காலணி கட்டிச் சறுக்கினான். ஐந்து வயதில் மட்டை பிடித்தான். பனிக்கட்டி அவனை ஏற்றுக்கொண்டது. ஏறி நிற்பவன் என்ன நிறம், எந்தக் குலம் என்று பனிக்கட்டி கேட்பதில்லை. கேட்டவர்கள் மனிதர்கள்!

"குளிர் நாட்டு ஆட்டம் கறுப்பருக்கு ஒத்து வராது" என்று கதை கட்டியவர்கள் உண்டு. அவர்கள் வரலாறு படிக்காதவர்கள். அல்லது படித்தும் மறைத்தவர்கள். 1895-லேயே நோவா ஸ்கோஷியாவின் ஹாலிபாக்ஸ் நகரில் கறுப்பின மக்கள் தங்களுக்கென ஒரு ஹாக்கி லீக் அமைத்து, அணி சேர்த்து, ஆடிக் காட்டினார்கள். ஆற்றல் இருந்தது, ஆர்வம் இருந்தது, அழைப்புத்தான் இல்லை!

ஹெர்ப் கார்னகி என்றொருவர் இருந்தார். டொராண்டோவில் 1919-இல் பிறந்தவர். கியூபெக் மாகாண ஆட்டங்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை மீண்டும் மீண்டும் பெற்றவர். 1948-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியினர் அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். ஆடவைத்துப் பார்த்தார்கள். பிறகு நீட்டியது என்ன? முதல் அணியில் இடமா? இல்லை, கீழ்நிலை அணியில் ஓர் இடம்! அதுவும் அவர் ஏற்கெனவே வாங்கிவந்த ஊதியத்தைவிடக் குறைந்த ஊதியத்துக்கு! மனைவி மக்களைக் காக்க வேண்டியவர், மறுத்துத் திரும்பினார். தேசிய ஹாக்கி லீக் என்ற உச்ச அரங்கில் ஒரே ஒரு நாள்கூட ஆடாமலே அவருடைய ஆட்டக்காலம் முடிந்தது.

அந்தக் கதவின் முன்னேதான் வில்லி ஓரீயும் வந்து நின்றான்.

1949-இல், பதினான்கு வயதுகூட நிரம்பாத நிலையில், தன் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் அணியோடு நியூயார்க் சென்றான். அங்கே ஜாக்கி ராபின்சனைக் கண்டான். 1947-இல் அமெரிக்கப் பேஸ்பாலின் நிறத்தடையைத் தகர்த்த அதே ராபின்சன்! அவரிடம், தான் ஹாக்கியும் ஆடுவதாகச் சிறுவன் சொன்னான். கறுப்பினப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்கள் என்பதே ராபின்சனுக்குப் புதுச் செய்தியாக இருந்ததாம். தடையை உடைத்தவருக்கே தெரியாத அளவுக்கு அந்த மறைப்பு அத்தனை கனமாக இருந்தது.

1956-இல் பேஸ்பால் குழு ஒன்றின் அழைப்பை ஏற்று ஜார்ஜியா மாநிலத்து வேகிராஸ் ஊருக்குப் போனான். அங்கே "வெள்ளையருக்கு மட்டும்", "கறுப்பருக்கு மட்டும்" என்று பிரித்து வைத்த பலகைகள் அவனை வரவேற்றன. முகாம் முடிந்து பேருந்தில் ஊர் திரும்பினான். தெற்கே அவனுக்குக் கடைசி இருக்கை. வண்டி வடக்கே செல்லச் செல்ல, ஒவ்வொரு வரிசையாக முன்னே நகர்ந்து வந்தான். என்னே விந்தை! மனிதன் அதே மனிதன். வண்டியும் அதே வண்டி. எல்லைக்கோடு மாறியதும் இருக்கை மாறுகிறது! பேஸ்பால் வேண்டாம், இனி ஹாக்கியே என் வழி என்று முடிவு கட்டினான்.

ஆனால் அதற்கு முன்பே அவன்மீது ஒரு பேரிடி விழுந்திருந்தது. 1955-56 பருவத்தில் கிச்சனர் நகர அணிக்காக ஆடியபோது, சீறி வந்த வட்டு வலக்கண்ணைத் தாக்கியது. அந்தக் கண்ணின் பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிற்று. இனி ஆடவே முடியாது என்றார் மருத்துவர். சில வாரங்களில் மீண்டும் களத்தில் நின்றான்! ஒரு கண் பார்வையற்றவர் ஆடுவதற்கு லீக்கில் தடை இருந்தது. ஆகவே அந்த உண்மையை நெஞ்சுக்குள்ளே பூட்டிவைத்தான். அவன் ஆடியது இடப்புற முன்னணியில். வட்டு வருவதோ வலப்புறமிருந்து. பார்வையற்ற பக்கம் வருவதைக் காணக் கழுத்தை முழுவதும் திருப்பியாக வேண்டும். திருப்பினான், கண்டான், அடித்தான்!

1958 ஜனவரி 18. கியூபெக் ஏசஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த வில்லி ஓரீயைப் பாஸ்டன் புரூயின்ஸ் அணி அழைத்துக்கொண்டது. மாண்ட்ரியல் அரங்கில், மாண்ட்ரியல் அணிக்கு எதிரே, 22 வயது இளைஞர் களம் இறங்கினார். தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் கறுப்பர்! பாஸ்டன் 3-0 என்று வென்றது. மறுநாள் இன்னோர் ஆட்டம். பிறகு? "போய் வா" என்று கீழ்நிலை அணிக்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் திறந்த கதவு, மறுபடி திறக்கக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஆயின!

1960-61 பருவத்தில் மீண்டும் வந்தார். 43 ஆட்டங்கள், 4 கோல்கள், 10 கோல்களுக்குத் துணை. 1961 புத்தாண்டு நாளில் அவர் முதல் கோலை அடித்தபோது பாஸ்டன் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. மக்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதற்கு அது சான்று. மற்ற ஊர்களில் கேட்டவையோ வேறு! வசைமொழிகள், ஏளனக் கூச்சல்கள். சிகாகோவில் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் மட்டையின் முனையால் முகத்தில் இடித்து, மூக்கை உடைத்து, முன்பற்களைப் பெயர்த்தார். அத்தனையும் தாங்கினார்.

பருவம் முடிந்தது. அடுத்த ஆண்டும் உனக்கு இடம் உண்டு என்று நிர்வாகத்தினர் சொல்லி அனுப்பியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். சில வாரங்களுக்குள் மாண்ட்ரியல் அணிக்குக் கைமாற்றப்பட்டார். அங்கிருந்து மேற்குக் கடற்கரைக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு! உச்ச அரங்கின் வாசலை அவர் மீண்டும் மிதிக்கவே இல்லை.

"கண் பழுதானவர், கோல்கள் குறைவு, அதனால் விலக்கினார்கள். இதில் நிறம் எங்கே வந்தது?" என்று கேட்கும் நியாயவாதிகள் வரக்கூடும். வரட்டும், பதில் உண்டு. கண் பழுது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாதே! தெரியாத ஒன்று எப்படிக் காரணமாகும்? கோல்கள் குறைவு என்பது மெய்தான். ஆனால், லாஸ் ஏஞ்சல்ஸில் அவரை வலப்புறத்துக்கு மாற்றினார்கள். நல்ல கண் களத்தைப் பார்த்தது. 1964-65-இல் 38 கோல்கள்! 1968-69-இல் மீண்டும் 38! மேற்கு லீக்கில் இருமுறை அதிகக் கோல் அடித்தவர் என்ற பட்டம்! 1967-இல் தேசிய லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. ஆட்டக்காரர் தேவை ஒரே நாளில் இரட்டிப்பாயிற்று. அப்போதும் இந்த 38 கோல்காரரை எவரும் அழைக்கவில்லை. ஏன்? நிறமே முழுக்காரணம் என்று அடித்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் அவருக்குப் பின் அடுத்த கறுப்பர் எப்போது வந்தார் என்று கேட்கிறோம். மைக் மார்சன், வாஷிங்டன் அணிக்கு, 1974-இல்! பதின்மூன்று ஆண்டுகள் ஒருவர்கூட இல்லை. அத்தனை ஆண்டுகளிலும் ஒரு கறுப்பின இளைஞனுக்குக்கூடவா ஆடத் தெரியவில்லை?

இங்கேதான் நாம் சொல்ல விரும்புவது இருக்கிறது. உலகம் "முதல்வர்" என்று ஒருவரைத் தூக்கிக் கொண்டாடுகிறது. 2018-இல் அவருக்கு ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். 2022 ஜனவரி 18-இல், அவர் முதன்முதல் களம் கண்டு சரியாக 64 ஆண்டுகள் கழித்து, பாஸ்டன் அணி அவருடைய 22-ஆம் எண்ணை இனி எவருக்கும் இல்லையெனப் போற்றி உயர்த்தியது. நன்று. 2022-இலேயே ஹெர்ப் கார்னகிக்கும் புகழ் மண்டபத்தில் இடம் தந்தார்கள். அதைக் காண அவர் இல்லை; 2012-இலேயே மறைந்துவிட்டார். மாலை வந்தது, கழுத்து இல்லை!

முதல்வரைப் பாராட்டுவது எளிது. இரண்டாமவர் வர ஏன் இத்தனை காலம் என்று கேட்பதுதான் கடினம். ஒருவரை உள்ளே விட்டு, "பார்த்தீர்களா, எங்கள் கதவு திறந்தே இருக்கிறது" என்று காட்டிவிட்டுத் தாழிட்டுக் கொள்வது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். பூட்டிய கதவைவிட அது ஆபத்தானது. பூட்டிய கதவை எல்லோரும் காண்கிறார்கள். ஒருவர் நுழைந்த கதவைத் திறந்த கதவென்றே நம்பிவிடுகிறார்கள்!

வில்லி ஓரீ 1979 வரை, 43 வயது வரை, ஆடினார். ஒற்றைக் கண்ணோடு, உடைந்த மூக்கோடு, உடையாத உள்ளத்தோடு ஆடினார். 1998 முதல் தேசிய லீக்கின் தூதராக ஊர் ஊராகச் சென்று, வாய்ப்பற்ற பிள்ளைகளின் காலில் சறுக்கு காலணி கட்டிவிட்டார். தனக்கு வாசலை அடைத்தவர்களைச் சபிக்கவில்லை. தனக்குப் பின்னே வருவோருக்காக வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பெருமை அது.

லீக்கின் பெருமை எது? உயர்த்திய எண்ணா? அல்ல. இன்று ஏதோ ஓர் ஊரின் உறைந்த குளத்தில், கறுத்த சிறுவன் ஒருவன் மட்டை பிடித்துப் பழகிக்கொண்டிருப்பான். அவனை "முதல்வன்" என்று எவரும் வியக்காத, வெறும் ஆட்டக்காரனாக அழைத்துக்கொள்ளும் நாள் வரட்டும். அன்றுதான், 1958-இல் இரண்டு நாள் திறந்த கதவு, உண்மையிலே திறந்தது என்று ஒப்புவோம்!