எட்டு கோடியே நாற்பது லட்சமும் மூன்று ஓவரும்

2019 மார்ச் 27. கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் வருண் சக்கரவர்த்தி தன் முதல் ஐபிஎல் ஓவரை வீச வந்தபோது எதிரே நின்றவர் சுனில் நரைன். அந்த ஓவரில் 25 ரன் போயிற்று. ஐபிஎல்லில் அறிமுக வீரர் ஒருவரின் முதல் ஓவரில் அதுவரை யாரும் அவ்வளவு ரன் கொடுத்ததில்லை. அன்று அவர் வீசியது மொத்தம் மூன்றே ஓவர். 35 ரன், ஒரு விக்கெட். பிறகு விரலில் காயம். அத்தோடு அந்த சீசனே அவருக்கு முடிந்துபோனது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஜெய்ப்பூர் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரைப் பஞ்சாப் அணி 8.40 கோடிக்கு எடுத்திருந்தது. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அது. ஜெய்தேவ் உனத்கட்டுக்கும் அதே தொகைதான். சீசன் முடிந்ததும் பஞ்சாப் வருணை விடுவித்தது. ஒரு ஓவருக்கு எத்தனை கோடி என்று கணக்குப் போட்டுச் சிரித்தவர்கள் ஏராளம்.

அந்தச் சிரிப்பு அநியாயமானது. அவர் பிறகு ஜெயித்துக் காட்டினார் என்பதற்காகச் சொல்வதல்ல. ஜெயிக்காமலே போயிருந்தாலும் அது அநியாயம்தான். 8.40 கோடி என்ற விலையை அவர் கேட்கவில்லை. ஏல அரங்கில் பலகையைத் தூக்கியவர்கள் போட்ட விலை அது.

செய்யூர் வட்டாரத்துக் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கடப்பாக்கம் பக்கம் விடியற்காலையில் படகு கரையேறி, மீனைக் கூறு கட்டி மணலில் போட்டதும் ஏலம் தொடங்கும். வஞ்சிரம் வரத்துக் குறைந்த நாளில் இரண்டு வியாபாரிகள் விடாப்பிடியாக நின்றால் விலை எங்கேயோ போய்விடும். சந்தையில் அந்த விலைக்குப் போகவில்லை என்றால் நஷ்டம் எடுத்தவருடையது. அன்றைக்குத் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஐபிஎல்லில் மட்டும் கேட்டவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. பழி முழுக்க இருபது வயதுப் பையன் தலையில் விழுகிறது.

விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்தாலே இது புரியும். ஒரு அணியின் கையில் எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது, அதே வகை வீரருக்கு இன்னொரு அணி காத்திருக்கிறதா, பட்டியலில் அடுத்து யார் பெயர் வருகிறது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் தொகையைத் தீர்மானிக்கின்றன. 2016 ஏலத்தில் பவன் நேகியை டெல்லி அணி 8.50 கோடிக்கு எடுத்தது. எட்டு ஆட்டம், ஒரே விக்கெட். அடுத்த ஆண்டு பெங்களூரு அவரை ஒரு கோடிக்கு வாங்கியது. அந்த சீசனில் 16 விக்கெட் எடுத்தார். ஒரே ஆண்டில் நேகியின் கை மாறிவிடவில்லை. அவருக்குப் பந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கிருஷ்ணப்பா கௌதமின் கதை இன்னும் கொடுமை. 2021இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அவருக்கு 9.25 கோடி கொடுத்தது. இந்திய அணிக்கு ஆடாத ஒரு வீரருக்கு அதுவரை கிடைத்ததில் அதுவே அதிகம். அந்த சீசனில் சென்னை கோப்பையை வென்றது. கௌதம் ஒரு ஆட்டத்தில்கூட களமிறங்கவில்லை. ஆடவே விடாத ஒருவரை எப்படித் தோற்றவர் என்று எழுதுவது?

அமெரிக்க பேஸ்பால் இந்த நோயை நமக்கு முன்பே கண்டது. அங்கே 1965 முதல் ஆண்டுதோறும் பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. 1973இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த டேவிட் கிளைடுக்கு வயது 18. பள்ளி முடித்த சில வாரங்களிலேயே அவரை நேராக மேஜர் லீகில் இறக்கினார்கள். காலி நாற்காலிகளோடு தவித்த அணிக்குக் கூட்டம் தேவைப்பட்டது. முதல் ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பியது, பையன் ஜெயிக்கவும் செய்தான். பிறகு தோள்பட்டை கெட்டது. 24 வயதில் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. மொத்தம் 18 வெற்றி. 'ஏமாற்றிய வீரர்கள்' பட்டியல் எப்போது போட்டாலும் அவர் பெயர் அதில் இருக்கிறது. டிக்கெட் விற்றவர்கள் பெயர் இருப்பதில்லை.

ஆனாலும் அமெரிக்கர்களிடம் நம்மிடம் இல்லாத ஒன்று உண்டு: மைனர் லீக். பெரிய தொகைக்கு ஒப்பந்தமான பையனும் வழக்கமாகக் கீழ்ப்படியிலிருந்து, சிற்றூர் மைதானங்களில், பேருந்துப் பயணங்களோடு பல ஆண்டு ஆடித்தான் மேலே வருகிறான். 2013இல் முதலாவதாகத் தேர்வான மார்க் அப்பெல் 2018இல் ஆட்டத்தையே நிறுத்தினார். பிறகு திரும்பி வந்து 2022 ஜூனில், முப்பது வயதில், பிலடெல்பியாவுக்காக முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடினார். ஒன்பது ஆண்டு. விட்டுப்போனவன் திரும்பி ஏற அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது.

நம் நிலைமை வேறு. டிசம்பரில் ஏலம், மார்ச்சில் ஆட்டம், லீக் சுற்றில் ஒரு அணிக்குப் பதினான்கே போட்டி. இரண்டு ஆட்டம் சரியில்லை என்றால் வெளியே உட்காரவேண்டியதுதான்.

நடராஜனை நினைத்துப் பாருங்கள். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2017இல் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து மூன்று கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த ஆண்டு ஐதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கி, இரண்டு சீசன் உட்காரவைத்தது. ஆனால் அனுப்பிவிடவில்லை. 2020இல் யார்க்கர் யார்க்கராக வீசி 16 விக்கெட் எடுத்தார். அதையொட்டிய ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். ஐதராபாத் அவருக்குக் கொடுத்த உண்மையான சம்பளம் அந்தப் பொறுமைதான்.

வருணுக்கும் அதுவே வாய்த்தது. கீப்பராக இருந்து, எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்து, வேலையும் பார்த்து, வேகப்பந்து போட்டு, முழங்காலில் அடிபட்டு, கடைசியில் சுழலுக்கு வந்த மனிதர் அவர். 2018 டிஎன்பிஎல்லில் மதுரை அணி கோப்பை வென்றதில் அவர் பங்கு பெரிது. பஞ்சாப் கைவிட்டதும் கொல்கத்தா நான்கு கோடிக்கு எடுத்து, கையை விடாமல் வைத்துக்கொண்டது. 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்டும் இல்லை; இந்திய அணியில் மூன்று ஆண்டு இடமில்லை. அப்போதும் கொல்கத்தா அவரை வைத்திருந்தது. 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு ஐந்து விக்கெட். இந்தியா சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் டி20 பந்துவீச்சுத் தரவரிசையில் உலகின் முதலிடம்.

எல்லோரும் இப்படித் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. 2012 இளையோர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 111 அடித்த கேப்டன் உன்முக்த் சந்த், இந்திய சீனியர் அணிக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. 2021இல் அமெரிக்கா போய்விட்டார். சில திறமைகள் பத்தொன்பது வயதில் உச்சம் தொட்டு நின்றுவிடும். அதுவும் விளையாட்டில் உள்ளதுதான். அதைக் குற்றமாகப் பார்ப்பதுதான் தவறு.

செய்யூரைச் சுற்றிய ஊர்களில் கோடையில் ஏரி வற்றினால் டென்னிஸ் பந்துப் போட்டி களைகட்டும். அங்கே யார்க்கர் போடும் பையன்களுக்கு நடராஜன்தான் வழிகாட்டி. தரமான ஆடுகளம் வேண்டுமென்றால் மதுராந்தகம் வந்து ரயிலேறிச் சென்னைக்குத்தான் போகவேண்டும். அவர்களில் ஒருவன் நாளை ஏலத்துக்குப் போனால், மூன்று ஓவரில் அவனை மதிப்பிட்டு முடித்துவிடக் கூடாது. இந்திய அணிக்கு ஆடாத இளைஞர்களை எடுக்கும் ஐபிஎல் அணிகள் அவர்களைக் குறைந்தது மூன்று சீசன் வைத்திருக்கவேண்டும் என்று கிரிக்கெட் வாரியம் விதி கொண்டுவரலாம். ஆண்டு முழுக்க நடக்கும் இரண்டாம் நிலை லீக் ஒன்றை அந்த அணிகளே நடத்தலாம். அதற்குப் பணமில்லை என்று எந்த அணியும் சொல்ல முடியாது.

2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை அணி பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களைத் தலா 14.20 கோடிக்கு எடுத்தது. ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. அடிப்படை விலை 30 லட்சம். முதல் சீசன் எப்படி அமைந்தாலும் சரி, அவர்கள் ஒரு கேட்சை விடும்போது 'பதினாலு கோடி' என்று கத்தாதீர்கள். கணக்குக் கேட்பதென்றால் பலகையைத் தூக்கிய நிர்வாகத்திடம் கேளுங்கள்.