புதிய கணினி மெதுவாக இயங்குவது விதியன்று

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிய மேசைக் கணினிகள் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தித் திரும்பினாலும் திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருக்கிறது. களப்பணியில் பதிவுசெய்த ஒலிக்கோப்பைத் திறந்தால் எல்லாம் உறைந்துபோகிறது. முறையிட்டால் மூன்று மறுமொழிகள் கிடைக்கின்றன: "அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்", "பென்டிரைவ் செருகி வைரஸ் ஏற்றியிருப்பீர்கள்", "புதுக் கணினிதானே, எப்படி மெதுவாகும்?"

மூன்றாவது மறுமொழியே ஆபத்தானது. புதியது என்பதால் குறையற்றது என்றும், குறை இருந்தால் அது பயன்படுத்துபவருடையது என்றும் அது தீர்ப்பு வழங்கிவிடுகிறது. சான்று கேட்டுப் பழகிய பல்கலைக்கழகத்தில் இத்தீர்ப்புக்கு மட்டும் எவரும் சான்று கேட்பதில்லை.

சான்று திரட்டுவது கடினமும் அன்று. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நான் பார்த்தபோது செயலியின் பயன்பாடு பத்து விழுக்காட்டைத் தொடவில்லை. வட்டின் பயன்பாடு நூறு விழுக்காட்டில் நின்றது. நினைவகம் ஏறத்தாழ நிரம்பியிருந்தது. செயலி சும்மா இருக்கிறது. வட்டு மூச்சுத் திணறுகிறது. முதல் ஓரிரு நாள்களில் இவ்வாறு நேர்வது இயல்பு: விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், கோப்புகளுக்கு அட்டவணை தயாரிக்கும். தொடக்கத்தில் தாமே எழும் தேவையற்ற செயலிகளை நிறுத்தினேன். விற்பனையாளர் ஏற்றித்தந்த சோதனைக்கால வைரஸ் தடுப்பானை நீக்கினேன். சற்றே குறைந்தது, தீரவில்லை. அப்படியானால் காரணம் மென்பொருளில் இல்லை.

காரணம் பெட்டிக்குள் இருக்கிறது: 4 ஜிபி நினைவகம், நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு. அத்தட்டு ஒருமுறை சுழல 8.3 மில்லி நொடி ஆகும். படிமுனை உரிய தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக்கிடக்கும் தரவுகளை நொடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத்தர இயலாது. எஸ்எஸ்டி இதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்யும். நினைவகத்தின் கதையும் இதுவே. 44,100 மாதிரி வீதத்தில் இரு தடங்களில் பதிவான ஒரு மணிநேர ஒலியைப் பிராட் மென்பொருள் முழுவதுமாக ஏற்றினால் அதற்கு மட்டும் சுமார் 2.5 ஜிபி வேண்டும். எஞ்சியதில் விண்டோஸ் எங்கே அமரும்? வட்டைத் துணை நினைவகமாக்கிக்கொள்கிறது. ஏற்கெனவே திணறும் வட்டு அத்துடன் முடங்கிவிடுகிறது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறதே என்பார்கள். அது நிறுவுவதற்கான குறைந்தபட்ச அளவு. ஆய்வு செய்வதற்கானது அன்று.

இந்தப் பெட்டி வானிலிருந்து விழவில்லை. ஒரு குழு அமர்ந்து விவரக்குறிப்பு எழுதியது. அதை நிறைவுசெய்தவர்களுள் குறைந்த விலை கேட்டவருக்கு ஆணை சென்றது. ஒப்பீட்டு அட்டவணையில் "1 டெராபைட்" என்பது "256 ஜிபி"யைவிடப் பெரிய எண். அந்தக் கொள்ளளவு எந்த வேகத்தில் கைக்கு எட்டும் என்று கேட்க அட்டவணையில் இடமில்லை. "விதிகள் எங்கள் கைகளைக் கட்டிவிட்டன" என்று தணிக்கையைக் காட்டித் தப்பிப்பது வழக்கம். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுள் 144ஆவது விதியைப் படியுங்கள். வாங்கும் பொருளின் தரத்தையும் செயல்திறனையும் அளவிடத்தக்க வகையில் குறிப்பிட வேண்டும் என்றே அது சொல்கிறது. குறைந்த விலை என்பது, எழுதப்பட்ட தேவையை நிறைவுசெய்பவற்றுள் குறைந்த விலை. தேவையை எழுதாமல் விட்டது விதியின் குற்றமன்று.

நிதி இல்லை என்பதும் நிற்காத வாதம். எஸ்எஸ்டி ஒன்றின் விலை கணினி விலையில் சிறு பங்கு. அதை நாங்களே வாங்கிப் பொருத்த முன்வந்தால், "பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும்" என்று தடுக்கிறார்கள். ஆக, பயன்படாத கணினி பயன்படாமலேயே இருக்குமென்பதற்கும் சேர்த்து உத்தரவாதம் வாங்கியிருக்கிறோம்.

இழப்பு யாருக்கு? சொந்த மடிக்கணினி வாங்க வசதியுள்ளவர் ஆய்வுக்கூடத்துக்கு வருவதே இல்லை. உதவித்தொகை தாமதமாகும் மாணவர்தான் அந்தச் சுழலும் வட்டத்தின் முன் அமர்ந்திருக்கிறார். ஆய்வேட்டுக்குக் காலக்கெடு உண்டு; காத்திருந்த மணிநேரங்களை எவரும் நீட்டித்துத் தருவதில்லை.

"கணினி மெதுவாக இயங்குகிறது" என்னும் தொடரில் கணினி எழுவாய். இலக்கணப்படி சரி, பொறுப்பின்படி தவறு. மெதுவாக இயங்கும்படி அதை வாங்கியவர் அத்தொடருக்கு வெளியே பத்திரமாக நிற்கிறார்.

ஆகவே கேட்பவை மூன்று. விவரக்குறிப்பில் எஸ்எஸ்டி என்றும் குறைந்தது 16 ஜிபி நினைவகம் என்றும் எழுதுங்கள். அதை எழுதும் குழுவில் அக்கணினியில் வேலை செய்யப்போகும் ஆய்வாளர் ஒருவரை அமர்த்துங்கள். எங்கள் மென்பொருளை எங்கள் கோப்புடன் இயக்கிப் பார்த்த பின்னரே ஏற்புச் சான்றில் கையெழுத்திடுங்கள். மாணவ நண்பர்களே, அடுத்த முறை மீண்டும் தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள். தொடங்குமுன் டாஸ்க் மேனேஜரைப் படமெடுத்துப் புகார்க் கடிதத்துடன் இணையுங்கள்.