பெட்டியின் பெயரும் தோட்டாவின் குணமும்

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றிய ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் மூன்று நிலைத் துப்பாக்கிப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலப் பதக்கம் வென்றார். ரயில்வே ஊழியராகிய நாமும் பெருமிதம் கொண்டோம். துப்பாக்கி பயில விழையும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மை வினவுவது, எந்தத் தோட்டா சிறந்தது என்பதே.

அப்போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; ரவையின் விட்டமோ 5.6 மில்லிமீட்டர். மயிரிழைப் பிழையும் புள்ளியைக் குறைக்கும். பெரிய துப்பாக்கிகளுக்குத் தாமே தோட்டா நிரப்புவோர், ரவைகளை நிறுத்துத் தரம் பிரித்து, மருந்தையும் அளந்து இடுவர். இச்சிறு தோட்டாவிலோ தீப்பற்றும் மருந்து விளிம்பினுள்ளேயே அடங்கியிருத்தலால் அதற்கு இடமில்லை. ஆலை தந்ததே முடிவு.

ஆயினும், ஒரே ஆலையின் ஒரே பெயருடைய தோட்டாக்களும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். ஒரு குழலுக்கு இசைந்தது மற்றொன்றுக்கு இசையாது. ஆதலின் தேர்ந்த வீரர்கள் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிடுவர். துளைகள் நெருங்கி விழும் தொகுதியின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதனையே வாங்குவர்.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: விலைமிக்க பெட்டிகளை முதலிலேயே வாங்கி அடுக்க வேண்டா. கை உறுதிப்படும் வரை, தோட்டாக்களின் வேறுபாடு கை நடுக்கத்தினுள் மறைந்துவிடும். அதுவரை பயிற்சியாளர் தரும் தோட்டாவே போதும். உறுதிப்பட்டபின், பிள்ளையின் துப்பாக்கியிலேயே சோதித்து வாங்குக.